வானுக்குள் சூடான காற்று எங்கிருந்து வரவேண்டும்?

அண்மைக் காலமாக பிரித்தானியாவில் வாழும் நம்மவர்களில் சிலர் பழைய சாமான் வான் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், குசினி, அலுமாரி எல்லாம் பூட்டி, பிள்ளைகளுடன் வேல்ஸ், ஸ்கொட்லாந்து என்று போய்வரத் தொடங்கியிருக்கிறார்கள். கோடையில் பிரச்சினை இல்லை. ஒக்ரோபர் விடுமுறைக்குப் போனால்தான் இரவுக் குளிர் தெரியும். உடனே டீசல் ஹீற்றர் ஒன்று வாங்குவார்கள். எந்தக் கொம்பனி, என்ன விலை என்று பல நாள் விசாரிப்பவர்கள், சூடான காற்று வெளிவரும் வாயை மட்டும் கடைசியில் எஞ்சிக் கிடக்கும் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். அந்த வாய் எங்கே இருக்கிறது என்பது அப்பாவின் காலையும் குழந்தையின் கையையும் பாதிக்கக்கூடியது. ஆகவேதான் சுகாதாரப் பக்கத்தில் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஹீற்றர் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். அதற்குள் இரண்டு காற்றோட்டங்கள் உண்டு. ஒன்று டீசல் எரிவதற்கான காற்று. இது வானின் அடியிலிருந்து உள்ளே போய், புகையாக மாறி, மெல்லிய இரும்புக் குழாய் வழியாக மீண்டும் அடியால் வெளியேறும். மற்றது நாம் சுவாசிக்கும் காற்று. இதை ஒரு விசிறி வானுக்குள்ளிருந்து இழுத்து, சூடேறிய உலோக உறையின் மேலால் ஓட்டி, மீண்டும் வானுக்குள் தள்ளும். இந்த இரண்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

ஃபோக்ஸ்வாகன் ட்ரான்ஸ்போர்ட்டர் போன்ற நடுத்தர வானுக்கு 2 கிலோவாற் ஹீற்றர் தாராளமாகப் போதும். பெரும்பாலும் அதை முன் ஆசனம் ஒன்றின் கீழே பூட்டுவார்கள். சூடான காற்றின் வாய் ஆசனத்தின் அடியில், தரையோடு ஒட்டியபடி, பின்பக்கம் நோக்கி நடுவழியைப் பார்த்திருக்கும். எனது அபிப்பிராயத்தில் இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. சூடான காற்று தானாகவே மேலே ஏறும். கீழே விட்டால் முதலில் தரையைச் சூடாக்கி, பிறகு கட்டிலுக்கும் கூரைக்கும் போகும். மேலே அலுமாரிக்குப் பக்கத்தில் விட்டால் கூரையடியில் நின்றுவிடும். தலை வேர்க்கும், கால் விறைக்கும். கூரையை உயர்த்தி மேலே பிள்ளைகளைப் படுக்க வைப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கீழே பெரியவர்களுக்குக் குளிர்கிறது என்று ஹீற்றரைக் கூட்டக் கூட்ட, மேலே பிள்ளைகள் அவிந்துபோவார்கள். கைக்குழந்தை தூங்கும் இடம் 16 முதல் 20 பாகை வரை இருந்தால் போதும் என்பதே இங்குள்ள சுகாதார ஆலோசனை. வயதானவர்களுக்கோ 18 பாகைக்குக் குறையக் கூடாது.

கீழே வைப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஹீற்றர் முழு வேகத்தில் ஓடும்போது அதன் வாய்க்குக் கிட்ட காற்று 100 பாகையை நெருங்கலாம், சிலவற்றில் தாண்டவும் செய்யும். தவழும் குழந்தையின் கை சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும். அதைவிட நான் பயப்படுவது நீரிழிவு உள்ளவர்களின் கால்களை நினைத்துத்தான். தென்னாசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் சாத்தியம் வெள்ளையரைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். பல வருடங்கள் நீரிழிவு இருந்தவர்களின் பாதத்தில் நரம்புகள் பழுதடைந்து, சூடு தெரியாமல் போய்விடுவதுண்டு. கட்டிலின் கால்மாட்டுக்கு நேரே சூடான காற்று வந்தால் மற்றவர்கள் உடனே காலை இழுத்துக்கொள்வார்கள். அவர்களோ சுகமாக நித்திரை கொள்வார்கள். 45 பாகை அளவான வெப்பம்கூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். காலையில் கொப்புளத்தைக் கண்ட பிறகுதான் விஷயம் தெரியவரும். அந்தப் புண் ஆறுவதற்கு மாதங்கள் எடுக்கலாம்.

ஆகவே வாய் நடுவழியைப் பார்க்கட்டும், கட்டிலைப் பார்க்கக் கூடாது. திசை திருப்பக்கூடிய மூடி பொருத்துவது நல்லது. போர்வை வழுக்கி விழுந்து அடைக்கக்கூடிய இடமும் வேண்டாம். அடைபட்டால் ஹீற்றர் அளவுக்கு மீறிச் சூடேறி நின்றுவிடும். இரண்டு மூன்று வாய்கள் வைப்பவர்கள், அவற்றில் ஒன்றாவது மூட முடியாததாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றை இழுக்கும் வாயையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இரண்டும் அருகருகே இருந்தால் ஹீற்றர் தான் விட்ட சூடான காற்றையே திரும்ப இழுக்கும். வான் சூடாகிவிட்டது என்று எண்ணித் தன் வேகத்தைக் குறைத்துவிடும். நீங்கள் குளிரில் இருப்பீர்கள், அதற்குள் கரி படியும். சுவரில் தனியாக வெப்பமானி வைப்பவர்களும் அதைச் சூடான காற்று நேரே படாத இடத்தில், நெஞ்சளவு உயரத்தில் வைக்கவும்.

சிலர் இடம் மிச்சம் பிடிக்க ஹீற்றரையே வானுக்கு அடியில் பூட்டுகிறார்கள். அப்படிச் செய்தாலும், நாம் சுவாசிக்கும் காற்றை ஒரு குழாய் மூலம் வானுக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும். அந்தக் குழாய் கழன்றாலோ வெடித்தாலோ, பக்கத்திலேயே இருக்கும் புகையை விசிறி இழுத்து நேரே படுக்கைக்கு அனுப்பும். சூடான காற்று வரும் அதே வாயால் நஞ்சும் வரும். புகைக்குழாயின் நுனி வானின் அடியில் முடியாமல், ஓரம் வரை வந்து, கதவு, யன்னல், காற்றுத் துவாரங்களுக்குத் தூரமாக வெளியேற வேண்டும்.

குழாய் போகும் வழியும் கவனத்துக்குரியது. அலுமாரிக்குள்ளால் போகும் குழாய் அந்த அலுமாரியையே சூடாக்கும். உடுப்பு என்றால் பரவாயில்லை. பாவனையில் இருக்கும் இன்சுலினை 25 அல்லது 30 பாகைக்கு மேல் வைக்கக் கூடாது. எது என்பது பெட்டியில் எழுதியிருக்கும். ஆஸ்துமா பம்பும் சூட்டுக்கு ஆகாது. மருந்துப் பைக்கு எதிர்ப்பக்க அலுமாரியை ஒதுக்குங்கள். எரிவாயு சிலிண்டர் இருக்கும் பெட்டிக்குப் பக்கத்திலும் சூடான வாய் வேண்டாம்.

இன்னொன்று ஈரம். ஓர் ஆள் ஓரிரவில் மூச்சாலும் தோலாலும் ஏறத்தாழ கால் லீற்றர் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். நாலு பேர் படுத்து, மாலையில் சோறும் அவித்தால் விடிய யன்னலெல்லாம் தண்ணீர் ஓடும். அந்த ஈரத்தில் பூஞ்சணம் வரும், ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வரும். ஹீற்றர் சூடாக்கினால் மட்டும் ஈரம் போகாது. கூரைத் துவாரத்தைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். குளிருக்காகக் காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு, தயவுசெய்து வேண்டாம். சமைக்கும் காஸ் அடுப்பைக் குளிர்காயப் பாவிப்பதும், அணைந்ததுபோலத் தெரியும் பார்பிகியூவை உள்ளே கொண்டுவருவதும் உயிராபத்து.

துளை வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். புகைக்குழாயைச் சரியாகப் பூட்டிய பிறகு, சூடான காற்றுக் குழாயை நினைத்த இடத்தில் தற்காலிகமாகக் கட்டி ஹீற்றரை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி நடுவழியில் பிடியுங்கள். காற்று எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று புகை காட்டும். பிறகு கட்டிலில் கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள்.

காபனோரொட்சைட்டு, அதாவது இங்கே பெட்டிகளில் காபன் மொனொக்சைட் என்று எழுதியிருக்கும் வாயு, நிறமோ மணமோ இல்லாதது. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கான அலாரம் கட்டாயம் வேண்டும். வாங்கும்போது ஈ.என். 50291-2 என்ற தர இலக்கத்தைப் பாருங்கள். வாகனங்களுக்கும் படகுகளுக்கும் உரியது அதுதான். படுக்கும் பகுதியில், அதனுடன் வரும் குறிப்பில் சொன்ன உயரத்தில் பூட்டவும். திரைச்சீலைக்குப் பின்னாலோ, சூடான காற்று நேரே அடிக்கும் இடத்திலோ வைக்க வேண்டாம். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். முடிவுத் திகதி அதன் மேலேயே இருக்கும்.

அலாரம் அடித்தாலோ, காய்ச்சல் இல்லாமல் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலையிடி, தலைசுற்று, வாந்தி வந்தாலோ, எல்லோரையும் வெளியே எடுங்கள். உள்ளே இருந்துகொண்டு காரணம் தேட வேண்டாம். உடனே 999ஐ அழைத்து, வானுக்குள் ஹீற்றர் ஓடியது என்பதைச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் வானின் புகையும் உங்கள் யன்னலால் வரலாம் என்பதால், அவர்களையும் தட்டி எழுப்புங்கள்.