பலூன் கருவிகளைப் பின்தொடரும் ஆன்டெனா

பலூனில் ஏற்றி அனுப்பப்படும் சிறு கருவிப்பெட்டி எங்குள்ளது என்பதை, அது அனுப்பும் வானொலிக் குறிப்பலைகளைக் கொண்டு ஹாம் வானொலியாளர்கள் அறிகின்றனர். கீழே விழுந்த பெட்டி திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் ஆன்டெனாவின் வகையையும் அது நிற்கும் இடத்தையும் பொறுத்தது.

உயரத்தின் பயன்

145 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. உயரத்தின் (மீட்டர்) வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அவை எட்டும் தொலைவு (கி.மீ.) கிடைக்கும். 30 கி.மீ. உயரத்திலுள்ள பலூனை 700 கி.மீ. அப்பாலிருந்தும் கேட்கலாம், அதற்கு மலை தேவையில்லை. பெட்டி தரையை நெருங்கும்போதுதான் மலை உதவுகிறது. சமவெளியில் 5 மீட்டர் கம்பத்துக்கு எல்லை 9 கி.மீ.; சேலத்தைவிடச் சுமார் 1,100 மீட்டர் உயர்ந்த ஏற்காட்டின் விளிம்புக்கு ஏறத்தாழ 135 கி.மீ.

இடம்

ஏற்காடு ஏரியைச் சுற்றிய பள்ளமான பகுதி ஏற்றதல்ல. லேடீஸ் சீட் போன்ற விளிம்புகள் சேலம் பக்கம் திறந்தவை. மறுபக்கத்தைச் சேர்வராயன் மலையே மறைக்கும். தென்மேற்குப் பருவக்காலத்தில் தாழ்வான காற்று மேற்கிலிருந்தும், 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்தும் வீசும். ஆகவே பெட்டி இறங்கும் திசையைக் கணித்த பின்னரே விளிம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வகை

சுமார் 50 செ.மீ. நீளமுள்ள கால் அலைநீளச் செங்குத்துக் கம்பி எல்லாத் திசையிலும் கேட்கும். நேர் தலைக்கு மேல் மட்டும் வலுவிழக்கும். மொட்டைமாடித் தொலைக்காட்சி ஆன்டெனாவைப் போன்ற யாகி தொலைவில் சிறந்தது. ஆனால் பெட்டி நகரும் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டியின் கம்பி செங்குத்தாகத் தொங்கினால் யாகியின் கம்பிகளும் செங்குத்தாக இருக்கவேண்டும்.

15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளிலேயே பாதித் திறன் வீணாகும். எனவே கேபிள் குறுகியதாக இருப்பது நல்லது. இடிமேகம் கூடினால் கம்பத்தை உடனே இறக்கிவிட வேண்டும்.