வாக்கும் வழக்கும் – 7: 69-ஆம் எண் வாக்குச்சாவடி

வேட்புமனு தள்ளுபடியில் பிறக்கும் வழக்குகளைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் வாக்கு எண்ணும் மேசைக்கு வருவோம்.

சட்டமன்றத் தேர்தலில் வெற்றி வித்தியாசம் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஊராட்சித் தேர்தலில் அது பத்தோ இருபதோதான். சில ஊர்களில் ஒரே ஒரு வாக்கு. எண்ணும் மேசையில் ஒரு கட்டு இடம் மாறினாலும், படிவத்தில் ஒரு வரி மாறி விழுந்தாலும் ஊருக்குத் தலைவரே மாறிவிடுவார். ஹரியானாவின் பானிப்பட் மாவட்டத்தில் உள்ள புவானா லாக்கூ என்ற கிராமத்துக்கு நேர்ந்தது இதுதான்.

2022 நவம்பர் 2 அன்று அங்கே சர்பஞ்ச், அதாவது ஊராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. 65 முதல் 70 வரை எண்ணிட்ட ஆறு வாக்குச்சாவடிகள். மின்னணு இயந்திரத்தில் வாக்குப்பதிவு. குல்தீப் சிங் வென்றதாக அறிவிக்கப்பட்டது. எதிர்த்து நின்ற மோஹித் குமார் ஏற்கவில்லை. 69-ஆம் எண் சாவடியில் தனக்கு விழுந்த வாக்குகள் குல்தீப் கணக்கிலும், குல்தீப்புக்கு விழுந்தவை தன் கணக்கிலும் ஏறிவிட்டன என்பது அவர் புகார். வாக்காளருக்குப் பணம் கொடுத்தார்கள், கள்ள ஓட்டுப் போட்டார்கள் என்றெல்லாம் சாட்சி தேடி அலைய வேண்டிய புகார் அல்ல இது. அந்த ஒரு சாவடியின் இயந்திரத்தைத் திறந்து எண்ணைப் பார்த்தால் தீர்ந்துவிடும்.

அதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று பாருங்கள். பானிப்பட் தேர்தல் தீர்ப்பாயம் 69-ஆம் எண் சாவடியை மறுபடி எண்ணச் சொன்னது 2025 ஏப்ரல் 22-இல். தேர்தல் முடிந்து அதற்குள் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஓடியிருந்தது. ஜூலை 1-இல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மோஹித் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி சூர்ய காந்த் தலைமையிலான அமர்வு ஜூலை 31 அன்று, 69 மட்டுமல்ல, ஆறு சாவடிகளின் இயந்திரங்களையும் டெல்லிக்கே கொண்டுவரச் சொன்னது.

ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்ற வளாகத்தில், நீதிமன்றப் பதிவாளர் முன்னிலையில், இரு தரப்பின் ஆட்களும் பார்த்திருக்க, வீடியோ பதிவோடு எண்ணினார்கள். பதிவான வாக்கு 3,767. மோஹித் குமாருக்கு 1,051, குல்தீப் சிங்குக்கு 1,000. ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, இரண்டு நாளுக்குள் மோஹித்தை சர்பஞ்சாக அறிவிக்கும்படி மாவட்ட நிர்வாகத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஒரே நாளில் முடிந்த வேலை அது. அதைச் செய்யலாம் என்ற உத்தரவு நிலைத்து நிற்க இரண்டே முக்கால் ஆண்டு பிடித்திருக்கிறது. சர்பஞ்சின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. அதில் பாதிக்கு மேல் ஊரார் தேர்ந்தெடுக்காத ஒருவர் தலைவராக இருந்திருக்கிறார். அந்தக் காலத்தில் அவர் போட்ட கையெழுத்துகளும், செலவான ஊராட்சிப் பணமும், எடுத்த முடிவுகளும் இனித் திரும்பி வரப்போவதில்லை. இழந்தவர் மோஹித் மட்டுமல்ல. அவருக்கு வாக்களித்த 1,051 பேருமே இழந்தார்கள்.

மறு எண்ணிக்கைக்கு நீதிமன்றங்கள் இத்தனை தயங்குவதற்குக் காரணம் உண்டு, அது நியாயமானதும்கூட. தோற்றவர் எல்லாரும் ‘திரும்ப எண்ணு’ என்று கிளம்பினால் எந்தத் தேர்தலும் முடிவுக்கு வராது. வாக்குச்சீட்டுக் கட்டை அடிக்கடி பிரித்தால் இரகசிய வாக்கு என்பதற்கும் பொருள் இருக்காது. ஆகவே, எந்த மேசையில், எந்தச் சாவடியில், என்ன பிழை என்று மனுவிலேயே திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். முதற்கட்ட ஆதாரமும் காட்ட வேண்டும். இந்த விதியை இறுக்கிப் பிடித்த தீர்ப்புகளில் ஒன்று நம் தமிழ்நாட்டு ஊராட்சித் தலைவர் தேர்தலிலிருந்தே பிறந்தது. ஷம்சுதீன் எதிர் மாப்பிள்ளை மொகிதீன் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: மறு எண்ணிக்கையில் முடிவு மாறிவிட்டது என்பதற்காக, அதற்கு உத்தரவிட்டது சரியாகிவிடாது. உத்தரவிட்ட நாளில் கையில் என்ன ஆதாரம் இருந்தது என்பதே கேள்வி.

முதல் வாசிப்பில் இந்தத் தீர்ப்பு நெஞ்சை உறுத்தும். உண்மை தெரிந்த பிறகும் கண்ணை மூடிக்கொள்வதா என்று தோன்றும். ஆனால் இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால், பணபலம் உள்ளவர்கள் ‘எதற்கும் எண்ணித்தான் பார்ப்போமே’ என்று ஒவ்வொரு ஊர்த் தேர்தலையும் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள். விதி இருக்கட்டும். ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள் என்று எந்த விதியும் சொல்லவில்லையே!

ஆதாரம் என்பது எப்படி இருக்கும்? உத்தரப் பிரதேசத்தில் 2021-இல் நடந்த ஒரு கிராமப் பிரதான், அதாவது ஊராட்சித் தலைவர் தேர்தலைப் பார்க்கலாம். வித்தியாசம் 37 வாக்கு. மூன்று சாவடிகளில் பதிவானவை 1,194 என்று வாக்குப்பதிவு அதிகாரிகள் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். படிவத்தில் இருந்தது 1,213. கூடுதலாக வந்த அந்த 19 வாக்கு எங்கிருந்து வந்தது? சரிபார்க்க அதிகாரிகளின் நாட்குறிப்பைக் கேட்டால் அதுவும் கிடைக்கவில்லை. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு வழிவிட்டது. 19 என்பது 37-ஐவிடக் குறைவு, முடிவை மாற்றாது என்று ஒதுக்கிவிடாமல், ஆவணம் காணாமல் போனதையே பெரிதாக எடுத்துக்கொண்ட அந்தத் தீர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

காலதாமதம் கிராமத்தோடு நிற்பதில்லை. ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியை நினைவிருக்கும். 2016-இல் அங்கே போட்டியிட்ட அப்பாவு 49 வாக்கில் தோற்று, வழக்குத் தொடுத்தார். தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்ட 203 தபால் வாக்குகள் தள்ளுபடியானது செல்லுமா என்பது கேள்வி. மூன்று ஆண்டுக்கு மேல் கழித்து, 2019 அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. முடிவு வெளிவராமலேயே 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமும் முடிந்துபோயிற்று. இத்தனைக்கும், சட்டமன்றத் தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது.

தமிழ்நாட்டு ஊராட்சித் தேர்தலில் நிற்கப்போகிறவர்களும் அவர்களுடைய முகவர்களும் இதை மனதில் வையுங்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடியின் வாக்குக் கணக்கைக் கையொப்பத்தோடு கேட்டு வாங்குங்கள். எண்ணும்போது வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சீட்டுகள் நிறவாரியாகப் பிரிக்கப்படும் இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால், முடிவை அறிவிப்பதற்கு முன்பே, காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலமாக மறு எண்ணிக்கை கேளுங்கள். வாயால் கேட்டதற்கு நீதிமன்றத்தில் சாட்சி கிடைக்காது. அறிவித்த பிறகு தேர்தல் அதிகாரியிடம் மன்றாடிப் பயனில்லை. அரசியல் சாசனத்தின் 243-ஓ பிரிவின்படி தேர்தல் மனு ஒன்றுதான் வழி. தமிழ்நாட்டில் அதை 45 நாளுக்குள் மாவட்ட நீதிபதி முன் தாக்கல் செய்ய வேண்டும்.

அரசிடமும் நீதித்துறையிடமும் ஒரு வேண்டுகோள். தாக்கல் செய்ய 45 நாள் என்று கெடு வைத்ததைப் போல, மறு எண்ணிக்கை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லவும் ஒரு கெடு வையுங்கள். மூன்று மாதம் போதும்.

அடுத்த வாரம்: 8 வாக்குச்சீட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்ட 2024 சண்டிகர் மேயர் தேர்தல்.

(தொடரும்)