உடைந்த பல்லுக்கு ஓர் எண்



பதினேழாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரிலே வாரந்தோறும் மரணப்பட்டியல் ஒன்று வெளியிடப்பட்டு வந்தது. அவ்வாரத்தில் மாண்டவர் எத்தனை பேர், எந்நோயால் மாண்டனர் என்று அது கூறும். அப்பட்டியலிலே காய்ச்சல், கொள்ளைநோய் என்பனவற்றோடு ‘பல்’ என்றும் ஒரு காரணம் இடம்பெற்றிருந்தது. பல் முளைக்கும் பருவத்துக் குழந்தை ஒன்று இறந்தால், பல்லே அதற்குக் காரணம் என எழுதிவிடுவர். காய்ச்சலோ வயிற்றோட்டமோ உண்மையில் உயிரைக் கவர்ந்திருக்கலாம். பழி மாத்திரம் பல்லின்மேல் விழுந்தது. 1662ஆம் ஆண்டில் ஜோன் கிரோண்ட் என்பவர் இப்பட்டியல்களை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். நோய்க்கணக்கு ஒரு கல்வித்துறையாக வளர்வதற்கு அது வித்திட்டது.

பெயர் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும். கணக்குப் பிழைத்தால் பரிகாரமும் பிழைக்கும். இங்கிலாந்தின் பதிவாளர் தலைமையகத்திலே பணிபுரிந்த வில்லியம் பார் இக்குறையை 1839இல் எடுத்துக் காட்டினார். ஒரே நோய்க்குப் பல பெயர்களும், பல நோய்களுக்கு ஒரே பெயரும் வழங்கும்வரை ஓர் ஊரை மற்றோர் ஊருடன் ஒப்பிடுதல் இயலாது என்பது அவர் கருத்து. 1893இல் பாரிஸ் நகரத்துப் புள்ளிவிபரவியலாளர் ஜாக் பெர்த்திலோன், மரணக் காரணங்களின் பொதுவரிசை ஒன்றைச் சிக்காகோவில் கூடிய பன்னாட்டு அவையின்முன் வைத்தார். 1948இல் உலக சுகாதார நிறுவனம் அப்பணியை ஏற்று, உயிரைப் போக்காத நோய்களையும் காயங்களையும் அவ்வரிசையிற் சேர்த்தது. பத்தாம் திருத்தம் 1990இலும் பதினோராம் திருத்தம் 2019இலும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. பின்னையது 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தபோதிலும், பல நாடுகளில் பத்தாம் திருத்தமே இன்னும் வழக்கிலுள்ளது. ஆதலால் அதனையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

‘பல் உடைந்தது’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆயின் பல் வைத்தியரிடம் ஒரே காலையில் மூவர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் துவிச்சக்கர வண்டியிலிருந்து விழுந்து முன்பல்லை முறித்துக்கொண்ட சிறுவன். மற்றொருவர், சூத்தை அரித்த கடைவாய்ப்பல் முறுக்குக் கடித்தபோது நொறுங்கிய பெரியவர். மூன்றாமவர், இரவில் பல்லைக் கடிக்கும் வழக்கத்தால் பற்கள் தேய்ந்து விளிம்பு சிதைந்தவர். சொல் ஒன்றே; பொருள் மூன்று. முதலாவது காயம், அதற்குக் குறியீடு எஸ் 02.5. இரண்டாவது நோய், சூத்தைக்குரிய குறியீடு கே 02. மூன்றாவது தேய்மானம், அது கே 03.0. அமிலத்தால் அரிக்கப்பட்ட பல்லுக்கோ கே 03.2 எனப் பிறிதோர் எண் உண்டு.

இவற்றின் அமைப்பு கருதத்தக்கது. ‘எஸ்’ என்னும் எழுத்து காயங்களைக் குறிக்கும். எஸ் 02 என்பது மண்டையோட்டினதும் முகவென்புகளினதும் முறிவு. அதன் ஒரு பிரிவே பல் முறிவு. ‘கே’ என்பதோ சமிபாட்டுத் தொகுதியின் நோய்களுக்குரியது. உணவுப் பாதை வாயிலே தொடங்குதலால் பல்நோய்கள் ஆங்கு வைக்கப்பட்டன.

பல் மருத்துவத்துக்கென அமைந்த விரிவு, முறிவை மேலும் வகுக்கிறது. எனாமல் எனும் மேற்பூச்சு மாத்திரம் சிதைந்தால் எஸ் 02.50. பல்லின் முடி முறிந்தும் உள்ளிருக்கும் மென்பகுதி வெளிப்படாவிடில் எஸ் 02.51. நரம்பும் குருதிக்கலங்களும் பொருந்திய அம்மென்பகுதி வெளிப்பட்டால் எஸ் 02.52. வேர் முறிந்தால் எஸ் 02.53. இது வீண் நுணுக்கமன்று. முதல்வகைக்கு விளிம்பைத் தேய்த்து மழுப்புதலே போதுமாகலாம். மூன்றாம் வகையிலே காலந் தாழ்த்தினால் கிருமி புகுந்து பல்லின் உயிர்ப்பகுதி அழியக்கூடும்.

பல் முழுமையாகக் கழன்று விழுந்தாலோ, அது முறிவன்று, இடப்பெயர்வு. குறியீடு எஸ் 03.22. இங்கே ஒரு செய்தியைப் பெற்றோரும் ஆசிரியரும் மனத்திருத்தல் வேண்டும். விழுந்தது நிலைப்பல்லாயின் வேரைத் தொடாது முடியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருப்பின் பாலிற் சிறிது அலசி, உரிய குழியிலேயே வைத்து, துணியைக் கடிக்கச் செய்து, உடனே வைத்தியரிடம் செல்லுதல் நன்று. அது இயலாதெனில் பாலிலிட்டுக் கொண்டுசெல்லலாம், தண்ணீரில் இடலாகாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உலர்ந்து கிடந்தால் வேரின் மேலுள்ள உயிரணுக்கள் பிழைத்தல் அரிது. பாற்பல்லை மீளப் பொருத்தலாகாது. அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு அதனால் ஊறு நேரலாம்.

பல் எவ்வாறு உடைந்தது என்பதற்கும் தனிக்குறியீடு உண்டு. தடுக்கி விழுந்தமை டபிள்யூ 01. துவிச்சக்கர வண்டி விபத்துக்கள் வீ 10 முதல் வீ 19 வரை. பிறர் தாக்கியமைக்கு எக்ஸ் 85 முதல் வை 09 வரையுள்ள எண்கள். இவ்விரண்டாம் எண்ணிலேதான் சமுதாயத்தின் உண்மை தங்கியிருக்கிறது. ஒரு மைதானத்திலே பல பிள்ளைகள் விழுந்து பல்லுடைக்கின்றனர் என்று கணக்குக் காட்டினால் அம்மைதானத்தைத் திருத்தலாம். வீட்டில் அடிபட்ட பெண்ணோ பிள்ளையோ ‘படியில் விழுந்தேன்’ என்று சொல்லி, அதுவே ஏட்டில் ஏறினால், பல் சீராகும், கொடுமை தொடரும். ஆகவே பொருந்தாத காயத்தைக் காணும் வைத்தியர் தனிமையில் அன்போடு வினவுதல் கடமையாகிறது. காப்புறுதி பரந்துள்ள அமெரிக்கா போன்ற நாடுகளிலோ, சிகிச்சைச் செலவை ஏற்பவர் யார் என்பதும் உடைவு காயமா நோயா என்பதைப் பொறுத்து வேறுபடுவதுண்டு.

எனினும் குறியீட்டுக்கும் எல்லையுண்டு. உடைந்தது எந்தப் பல் என்று எஸ் 02.5 சொல்லாது. அதற்குப் பற்களை எண்ணும் இரண்டிலக்க முறை வேறாக உள்ளது. மேல்வாயின் வலப்பக்க நடு முன்பல் 11, இடப்பக்கத்தது 21. மேலும், வலியையும், சிரிக்க நாணும் சிறுமியின் மனத்தையும் எவ்வெண்ணும் அளந்து காட்டாது. அவற்றை அறியக் கண்ணும் செவியும் உள்ள மனிதரே வேண்டும்.

குறியீட்டை எழுதுபவர் வைத்தியசாலையினராயினும், அதன் மெய்ம்மைக்கு அடிப்படை நோயாளியின் வாய்மொழியேயாகும். எப்பொழுது, எங்கே, எவ்வாறு உடைந்தது என்பதை மறையாது கூறுங்கள். இலண்டன் பட்டியலிற் பல்லின்மேல் ஏற்றப்பட்ட பழி குழந்தைகளைக் காக்க உதவவில்லை; உண்மையான காரணம் எழுதப்பட்டாலன்றி அடுத்த பிள்ளையைக் காக்கும் வழி புலப்படாது.