வாட்ச்சின் முதுகைப் படியுங்கள்

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய வாட்ச் ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பின்மூடியின் விளிம்பை ஒட்டி வட்டமாகச் சில சொற்கள் பொறித்திருக்கும்: 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்', 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'. முன்பக்கம், டயலின் அடியில் 6 என்ற எண்ணுக்குக் கீழே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் 'ஜப்பான் மூவ்ட்' என்று பொடி எழுத்தில் தெரியும். விற்றவர் இவற்றைத்தான் "ஃபுல் ஸ்டீல் பாடி, ஜப்பான் வாட்ச், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்லியிருப்பார். பொறித்தவை மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். சொன்னவை மூன்றும் அவற்றைவிட மிகப் பெரியவை. அந்த இடைவெளியில்தான் நம் பணம் போகிறது. சில சமயம் உடல்நலமும் போகிறது.

'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்றால் பின்மூடி மட்டும் எஃகு. கேஸ் பெரும்பாலும் துத்தநாகக் கலவையோ பித்தளையோதான், மேலே முலாம். நம் ஊர் வியர்வையில் அந்த முலாம் பட்டை சேரும் மூலைகளில்தான் முதலில் உரியும். முலாத்திலோ அடி உலோகத்திலோ உள்ள நிக்கல் தோலில் பட்டால், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மணிக்கட்டில் அரிப்பும் சிவப்பும் வரும். வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுக்கொண்டே அதே வாட்ச்சைக் கட்டித் திரிகிறவர்கள் பலர். தோலில் படும் பொருள்களிலிருந்து நிக்கல் எவ்வளவு வெளிவரலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே வரம்பு விதித்தது. முழு எஃகு வேண்டுமானால் 'ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றோ '316எல்' என்றோ பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேஸ் எதில் செய்தது என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

'ஜப்பான் மூவ்ட்' என்பது உள்ளே ஓடும் இயந்திரத்தை மட்டும் குறிக்கிறது. கேஸ், டயல், பட்டை, பூட்டிய இடம் எல்லாம் வேறு நாடாக இருக்கலாம். 'சுவிஸ் மூவ்மென்ட்' என்பதும் இதே வகை. 'சுவிஸ் மேட்' என்று போட வேண்டுமானால் 2017 ஜனவரி 1 முதல் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். கேஸில் பூட்டுவதும் இறுதிச் சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். நம் நாட்டில் பெட்டிமேல் ஒட்டிய சீட்டுதான் உண்மையைச் சொல்லும் இடம். உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை, புகார் எண் ஆகியவை பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி அதில் இருந்தாக வேண்டும். வாட்ச்சைக் கட்டிக்கொண்ட கையோடு பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நடக்கும் ஏமாற்றம்தான் எனக்கு அதிகக் கோபம் தருவது. '30 மீட்டர்' அல்லது '3 ஏடிஎம்' என்று பார்த்தால் முப்பது மீட்டர் ஆழம்வரை இறங்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த எண் புதிய வாட்ச்சை ஆய்வுக்கூடத்தில் அசையாமல் வைத்துத் தந்த அழுத்தத்தின் அளவு. பத்து மீட்டர் நீருக்கு ஏறத்தாழ ஒரு ஏடிஎம் என்பது கணக்கு. வெந்நீர், சோப்பு, ரப்பர் வளையத்தின் வயது எதுவும் அந்த எண்ணில் சேரவில்லை. நடைமுறையில் 30 மீட்டர் என்றால் மழைத்துளியும் கைகழுவும்போது தெறிக்கும் நீரும், அவ்வளவுதான். 50 மீட்டர் சற்று நேர நீச்சலைத் தாங்கும். வாரந்தோறும் கிணற்றிலோ குளத்திலோ இறங்குகிறவர்களுக்கு 100 மீட்டர் வேண்டும். ஆழ்கடலில் மூழ்குவோருக்கான வாட்ச்சுக்குத் தனித் தரம் உண்டு, ஐ.எஸ்.ஓ. 6425. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும்; ஒவ்வொரு வாட்ச்சையும் குறித்த அளவைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். சாதாரண வாட்ச்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 22810 தரம் மாதிரிக்குச் சிலவற்றைச் சோதித்தால் போதும் என்கிறது. 'டைவர்' தோற்றத்தில் சுழலும் வளையம் வைத்த எல்லாமே டைவர் வாட்ச் ஆகிவிடாது.

இந்த நீர்க்காப்பு செல் மாற்றும் அன்றோடு முடிந்துவிடக்கூடும் என்பதைப் பலரும் அறிவதில்லை. தெருமுனைக் கடையில் கவனித்துப் பாருங்கள். மெக்கானிக் கத்தி முனையால் பின்மூடியை நெம்புகிறார். மெல்லிய கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று மூடியோடு எழுந்து வருகிறது, அல்லது பள்ளத்திலேயே தளர்ந்து கிடக்கிறது. புது செல்லை வைத்து, மூடியைக் கட்டைவிரலால் அழுத்த, 'டக்' என்று உட்கார்ந்துவிடுகிறது. வளையம் ஓரிடத்தில் மடங்கியிருந்தாலும், பழசாகி இறுகியிருந்தாலும், நீர் உள்ளே போக அது போதும். பின்மூடியில் எழுத்து அப்படியே இருக்கும். அந்த மெக்கானிக்கின் கைத்திறமையில் குறையில்லை. அழுத்தச் சோதனை இயந்திரம் அவரிடம் இருக்காது. ஐம்பது மீட்டருக்கு மேல் குறித்த வாட்ச் என்றால் வளையத்தையும் மாற்றிச் சோதித்துத் தரும் சர்வீஸ் சென்டரில் செல் மாற்றுவதே சரி. கண்ணாடிக்குள் பனி படர்ந்தால் காயட்டும் என்று வெயிலில் வைக்காதீர்கள். அன்றே சர்வீஸ் சென்டரில் கொடுங்கள், துரு காத்திருக்காது. இன்னொன்று: கழற்றிய பழைய செல்லை வீட்டில் விட்டுவைக்க வேண்டாம். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். சில வாட்ச்சுகளில் வரும் 20 மில்லிமீட்டர் லித்தியம் செல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். மலத்தில் வந்துவிடும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கண்ணாடியில் 'சஃபையர்' என்பது செயற்கையாக வளர்த்த நீலக்கல் படிகம். கடினத்தில் வைரம் 10 என்றால் இது 9. புழுதியில் கலந்திருக்கும் மணல் 7. அதனால்தான் சாதாரண மினரல் கண்ணாடியில் கீறல் விழுகிறது, சஃபையரில் விழுவதில்லை. 'சஃபையர் கோட்டிங்' என்பது மினரல் கண்ணாடிமேல் ஒரு மெல்லிய பூச்சு. இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

'க்ரோனோகிராஃப்' என்றால் ஸ்டாப் வாட்ச் சேர்ந்தது. 'க்ரோனோமீட்டர்' என்றால் துல்லியச் சோதனையில் தேறியது. முன்னதன் டயலில் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கும். மலிவு வாட்ச்சுகள் சிலவற்றில் அவை வெறும் அச்சு. பொத்தானை அழுத்தி முள் நகர்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

பழைய எச்.எம்.டி. வாட்ச் மீது நம்மவர்களுக்கு உள்ள பாசத்தை வைத்தும் வியாபாரம் நடக்கிறது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கிய அந்தத் தொழிலை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இன்று இணையத்தில் 'புத்தம் புதுசு' என்று வரும் ஜனதா, பைலட் மாடல்கள் பல சமயம் பழைய இயந்திரத்துக்குப் புதிய டயல் அச்சிட்டு, முள் மாற்றி, பாலிஷ் போட்டவை. அந்த ஆலை ஒருபோதும் செய்யாத நிறங்களில்கூட டயல்கள் வருகின்றன. அவற்றில் காணும் '17 ஜுவல்ஸ்' என்பது உராய்வைக் குறைக்கப் பதித்த செயற்கை மாணிக்கக் கற்களின் எண்ணிக்கை. சாவி கொடுக்கும் வாட்ச்சுக்கு அது போதுமானது, கற்களுக்கென்று விலை ஏற்றத் தேவையில்லை. புதுப்பித்த பழம்பொருளைப் புதியது என்று விற்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, விரலில் குத்தாமலே சர்க்கரை அளவு காட்டும் என்று விற்கும் ஸ்மார்ட் வாட்ச். வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயாளி இருக்கும் ஊரில் இந்த விளம்பரம் எப்படி எடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் தெளிவாக எச்சரித்தது: தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை. தோலுக்கடியில் சென்சார் பொருத்திய கருவியின் அளவை வாட்ச் திரையில் காட்டுவது வேறு. அங்கே அளப்பது அந்தச் சென்சார். வாட்ச் தானாகக் காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் கூட்டிப் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம், நினைவிழப்பு, உயிரிழப்புவரை போகலாம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இப்படி ஒரு வாட்ச்சைப் பரிசளித்திருந்தால் இன்றே பேசி, பழைய குளுக்கோமீட்டரை அவர்கள் கைக்குத் திரும்பக் கொடுங்கள்.

இனி, ஏமாந்தவருக்கு என்ன வழி? 2019 சட்டம் 'குறைபாடு' என்பதற்குத் தரும் விளக்கம் நுகர்வோர் பக்கம் நிற்கிறது. சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரம் மட்டுமல்ல, வியாபாரி எந்த விதத்தில் சொல்லியிருந்தாலும் அந்தத் தரம் பொருளில் இல்லையென்றால் அது குறைபாடு. ஆகவே "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்ற வாய்ச்சொல்லும் கணக்கில் வரும், நிரூபிப்பதுதான் சிரமம். பில்லில் மாடல் எண்ணோடு '50 மீட்டர்', 'ஃபுல் ஸ்டீல்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

டயலில் நீர்க்காப்பு, வாரண்டி அட்டையில் 'நீர் புகுந்தால் பொறுப்பல்ல' என்று இருப்பது பலருக்கும் நேர்வது. அதைப் பார்த்ததும் ஒதுங்கிவிடாதீர்கள். இதே முரண்பாட்டுக்காக 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. ஐபோன் நீர் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, நீரால் வந்த பழுதுக்கு வாரண்டி இல்லை என்றது காரணங்களில் ஒன்று. நம் நாட்டிலும் தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க முடியும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளை மறுக்க முடியாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகப் பதில் தந்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அது நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பல புகார்கள் அங்கேயே முடிகின்றன. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் மனுத் தரலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 'ஃபர்ஸ்ட் காப்பி' எனும் போலியைத் தெரிந்தே பில் இல்லாமல் வாங்கியவருக்கு இந்த வழிகள் அநேகமாக அடைபட்டவை. விற்றவருக்கோ 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு.

வழக்கில் உண்மை முடிவாவது பெரும்பாலும் சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில்தான். வாட்ச்சை ஒப்படைக்கும்போது 'நீர் புகுந்துள்ளது, நேரம் மாற்றும் திருகு மூடிய நிலையில் இருந்தது, கண்ணாடியில் உடைப்பு இல்லை' என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கண்ணாடிக்குள் படர்ந்த பனியைத் தேதியோடு படம் எடுங்கள். தேவைப்பட்டால் ஆணையமே வாட்ச்சை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரர் செலுத்த வேண்டியிருக்கும். அதுவரை வேறு கடையில் பின்மூடியைத் திறக்கவிடாதீர்கள். வெளியாள் திறந்த வாட்ச் இது என்ற ஒரு வரியை வைத்தே எதிர்த்தரப்பு உங்கள் புகாரைத் தள்ளிவிடப் பார்க்கும்.