திரைவழியே உயிர்காக்கும் பயிற்சி

ஓர் உயிரைக் காக்க மருத்துவரும் செவிலியரும் ஒன்றாக இயங்க வேண்டும். அதை நோயாளியிடம் பழகலாகாதல்லவா? ஆகவே பொம்மையிடம் பழகுகின்றனர். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் டேவிட் காபா என்ற மயக்கவியல் மருத்துவர் போலி அறுவை அரங்கையே அமைத்தார். நெருக்கடியில் குழு எப்படிப் பேசுவது என்பதை விமானிகளின் பயிற்சியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

2020இல் கொரோனா கூட்டம் கூடுவதைத் தடுக்கவே, பல இடங்களில் இப்பயிற்சி ஜூம் திரைக்கு மாறிற்று. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் திரையில் ஓடும். குழுவினர் அவரவர் வீட்டில்.

நண்பர்களே, இங்கேதான் சுவையான செய்தி. நேரிலாயின் தலைவரின் கண்ணசைவே போதும். திரையில் அவர் யாரைப் பார்க்கிறார் என்றே தெரியாது! எனவே பெயர் சொல்லி, “அட்ரினலின் ஒரு மில்லிகிராம்” என்கிறார். கேட்டவர் அளவைத் திருப்பிச் சொல்கிறார். பிறகு “கொடுத்தாயிற்று” என்கிறார். இது தவறினால் மருந்து இருமுறை ஏறலாம், ஏறாமலும் போகலாம். நேர்ப்பயிற்சியில் நழுவும் இப்பழக்கத்தைத் திரை கட்டாயமாக்குகிறது என்பது என் கருத்து.

ஆனால் கைவேலைக்குத் திரை உதவாது. பள்ளியில் வேதியியல் செய்முறையைக் கைபேசியில் பார்த்தவன் நான். எங்கள் குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த பிறகே பியூரெட்டைத் திருகினேன். நின்ற இதயத்தை இயக்க, மார்பை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு முறைக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். இரண்டே நிமிடத்தில் ஆள் மாற்றச் சொல்கிறார்கள், அவ்வளவு களைப்பு.