விட்டுப்போன வீடுகளில் விருந்தாளிகளாய்: இத்தாலியில் எங்கே தங்கலாம்?

பலெர்மோவில் பிள்ளைகளையும் சகோதரர்களையும் கொண்ட குடும்பங்கள் எமது வாசகர்களிடையே பல உண்டு. வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, உணவகக் குசினி என்று ஆண்டு முழுவதும் உழைக்கும் அவர்களில் பலருக்கு ஓகஸ்ட் மாதத்தில்தான் சில நாள் ஓய்வு கிடைக்கும். ஊரிலிருந்து தாயையோ தகப்பனையோ அழைத்து, அந்த நாட்களில் நாட்டைச் சுற்றிக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். உரோமாபுரியையும் வெனிஸ் நகரையும் காட்டுவதற்கு வழிகாட்டிகள் ஆயிரம் உண்டு. நாம் அவற்றை விட்டுவிட்டு, தோட்டம் செய்து பழகியவர்கள் பார்க்கவேண்டிய மூன்று பிராந்தியங்களைப் பற்றியும், அங்கே தங்கக்கூடிய இடங்களைப் பற்றியும் எழுதுகிறோம். நாமும் தங்கிப் பார்த்தவைதான் அவை. எல்லாமே நல்லாயிருந்தன என்று சொல்லமாட்டோம்.

முதலாவது இடம் தெற்கே பசிலிக்காத்தா பிராந்தியத்திலுள்ள மத்தேரா நகரம். பாரி நகரிலிருந்து சிறிய புகையிரதத்தில் ஏறினால், கோதுமை வயல்களினூடாக ஆடி அசைந்து கொண்டுபோய்ச் சேர்க்கும். நகரின் மேற்பகுதி மற்ற நகரங்களைப் போலத்தான். ஆனால் விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தால், பள்ளத்தாக்கின் சரிவு முழுவதும் மென்மையான சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து செய்த குகை வீடுகள், ஒன்றின் கூரை மற்றொன்றின் முற்றமாக அடுக்கடுக்காக இருக்கின்றன. இப்பகுதியைச் 'சாசி' என்பார்கள். கற்கள் என்பது அதன் பொருள்.

இந்தக் குகைகளில் சுற்றுலாவுக்காக எவரும் குடியிருக்கவில்லை. காணியற்ற கூலிகளும் சிறு விவசாயிகளும் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தார்கள். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கழிவு வாய்க்காலும் இல்லை. மலேரியா இருந்தது, குழந்தைகள் பெருந்தொகையாக இறந்தன. கார்லோ லேவி என்னும் எழுத்தாளர் 1945இல் வெளியிட்ட 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' என்ற நூலில் இந்நிலையை எழுதியபின்தான் நாடே திரும்பிப் பார்த்தது. 1950இல் பிரதமர் டி காஸ்பெரி நேரில் வந்து பார்த்தார். 1952இல் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதன்படி ஏறத்தாழ 15,000 பேர் குகைகளிலிருந்து எழுப்பப்பட்டுப் புதிய குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டார்கள். குகைகள் அரசின் கைக்குப் போயின. வாசல்கள் பல கல் வைத்து அடைக்கப்பட்டன.

இன்று அதே குகைகளில் பல ஹோட்டல்களாகியுள்ளன. 1986இல் வேறொரு சட்டம் சாசியைத் திருத்தப் பணம் ஒதுக்கியது. 1993இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் அது சேர்ந்தது. 2019இல் மத்தேரா ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகர்களில் ஒன்றாக இருந்தது. ஒரு காலத்தில் நாட்டுக்கே வெட்கம் என்று சொல்லப்பட்ட இடத்தில் ஓர் இரவு தங்குவதற்கு இப்போது பணக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

நாமும் ஓர் இரவு தங்கினோம். பெயர் வேண்டாம். சுவரில் மெழுகுதிரி, கல்லில் குடைந்த மாடம், வெள்ளை விரிப்பு எல்லாம் அழகுதான். ஆனால் குகைக்குள் ஈரம் ஊறிக்கொண்டேயிருந்தது. தோய்த்துப் போட்ட சட்டை விடியும்வரை உலரவில்லை. எம்மில் ஒருவருக்கு மூட்டுவலி பிடித்துக்கொண்டது. பணிப்பெண்ணிடம் சொன்னபோது, குகை என்றால் அப்படித்தான் என்று சிரித்துவிட்டுப் போனார். வயதானவர்களைக் கூட்டிச் செல்பவர்கள் சரிவின் மேற்பகுதியில், சன்னல் உள்ள, கட்டிய அறையாகக் கேட்டு எடுப்பது நல்லது. படிகளும் மிக அதிகம். பயணப்பெட்டி தூக்கி இறங்குவது வயலில் மூட்டை சுமந்தவர்களுக்கே சிரமமாயிருக்கும்.

பார்க்கவேண்டியவற்றில் முதலிடம் 'காசா குரோத்தா' எனப்படும், பழையபடி தளபாடம் இட்டு வைத்திருக்கும் குகை வீட்டுக்குத்தான். ஒரே அறை. நடுவில் உயரமான கட்டில். அதன் கீழே கோழிகள். பின்புறத்தில் கோவேறு கழுதைக்குத் தொழுவம். மெத்தைக்குள் சோளப் பொத்தியின் மடல். குடும்பம் முழுவதும் ஒரே பெரிய தட்டில் சாப்பிட்டது. உள்ளே நின்ற வெளிநாட்டுப் பயணிகள் தலையை ஆட்டி ஆட்டிப் படம் எடுத்தார்கள். எமக்கோ அது அவ்வளவு வியப்பாக இல்லை. மாட்டை வெளியில் விட மனமில்லாத வீடுகளை நாமும் கண்டிருக்கிறோம்.

அடுத்ததாக, நகரின் பெரிய சதுக்கத்தின் அடியிலுள்ள நிலக்கீழ்த் தண்ணீர்த் தாங்கியைத் தவறவிடக்கூடாது. 'பலொம்பாரோ லுங்கோ' என்று பெயர். பாறையைக் குடைந்து, நீர் கசியாத சாந்து பூசி, மழைநீரையும் ஊற்றுநீரையும் சேர்த்து வைத்தார்கள். ஏறத்தாழ 50 இலட்சம் லீற்றர் கொள்ளும். குழாய்த் தண்ணீர் வந்தபின் மறக்கப்பட்டு, 1991இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இதைவிட, குகை வீடுகளுக்கும் சிறு தாங்கிகள் உண்டு. சில வீடுகள் ஒரு பொது முற்றத்தைச் சூழ்ந்திருக்கும். முற்றத்தில் பொதுத் தாங்கி. தோய்ப்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதும் சண்டை பிடிப்பதும் அங்கேதான். இந்த அயலுக்கு 'விசினாத்தோ' என்று பெயர். பாணைக் கூடப் பொதுப் போறணையில்தான் சுட்டார்கள். யாருடைய பாண் என்று தெரிய, மாவில் மர முத்திரை ஒன்றைக் குத்துவார்கள். அந்த முத்திரைகளைக் கடைகளில் விற்கிறார்கள். மத்தேராப் பாணையும் வாங்கிச் சாப்பிடுங்கள். கெட்டிக் கோதுமையில் செய்வது, நாட்கணக்கில் கெடாது.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் போகாத இடம் ஒன்றையும் சொல்லவேண்டும். நகரிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் லா மார்த்தெல்லா என்னும் கிராமம் இருக்கிறது. குகைகளிலிருந்து எழுப்பப்பட்ட விவசாயிகளுக்காகக் கட்டடக் கலைஞர் லுதோவிகோ குவாரோனியும் அவருடன் சேர்ந்தவர்களும் வரைந்த ஊர் அது; 1953இல் திறக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டோடும் ஒரு தொழுவம். பழைய அயல் முறையை ஆராய்ந்து, வீடுகள் ஒன்றையொன்று பார்க்கும்படி தெருக்களை அமைத்தார்கள். நல்ல எண்ணத்துடன் செய்த வேலை என்பது பார்த்தவுடன் விளங்கும்.

அங்கே தேவாலயத்துக்கு அருகில் வாங்கில் இருந்த முதியவர் ஒருவருடன், பலெர்மோவிலிருந்து எம்முடன் வந்த உறவுக்காரப் பெண்ணின் உதவியோடு பேசினோம். புதிய வீட்டில் தண்ணீரைத் திறந்ததும் தன் தாய் அழுதாராம். ஆனால் அவர்களுடைய பழைய அயலவர்கள் நகரின் வேறொரு குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். கொடுத்த காணி குடும்பத்துக்குப் போதவில்லை. தம்பிமார் வடக்கே தொழிற்சாலைக்குப் போனார்கள். தாம் பிறந்த குகை இப்போது விடுதி என்றும், ஒருநாள் போய்க் கேட்டபோது மரியாதையாக உள்ளே விட்டார்கள் என்றும் சொன்னார். கழுதை நின்ற மூலையில் குளிக்கும் தொட்டி வைத்திருக்கிறார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு, உங்களுடைய வீடு இருக்கிறதா என்று எம்மைத் திருப்பிக் கேட்டார். எமது கூட்டத்தில் ஒருவருக்கு இருக்கிறது. மற்றவருக்குக் கிணற்றுக் கட்டு மாத்திரம் மிச்சம். அதைச் சொன்னோம்.

அந்தக் கேள்விக்குப் பிறகு, தங்கும் இடம் ஒவ்வொன்றிலும் வீட்டின் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் எமக்கு வந்துவிட்டது.

ஆகவே மத்தேராவில் இரண்டாம் இரவை நகருக்கு வெளியே ஒரு கமக்காரரின் வீட்டில் கழித்தோம். இத்தகைய இடங்களை 'அக்ரித்துரிஸ்மோ' என்பார்கள். 1985இல் இதற்கென்று தேசியச் சட்டம் வந்தது. 2006இல் அது புதுப்பிக்கப்பட்டது. சட்டத்தின் சாரம் இதுதான்: விருந்தினரை வைத்திருப்பவர் உண்மையில் கமம் செய்பவராக இருக்கவேண்டும், கமமே முதன்மைத் தொழிலாக இருக்கவேண்டும், பரிமாறும் உணவில் கணிசமான பங்கு சொந்த விளைச்சலாகவோ அயற்பகுதி விளைச்சலாகவோ இருக்கவேண்டும். கோதுமை விலை விழுந்த ஆண்டில் அறை வாடகை கைகொடுக்கும். மூன்று அறைகள், ஒரு நீண்ட மேசை, கடலையும் கீரையும் ஒலிவ் எண்ணெயும். அறை சாதாரணந்தான். காலையில் வீட்டம்மாவோடு ஆட்டுப்பட்டிக்குப் போய் வந்தது மத்தேராவில் நாம் கண்ட எல்லாவற்றிலும் மேலானது. பஸ் போகாத இடங்களில்தான் இவை பெரும்பாலும் இருக்கும்; அழைத்துச் செல்ல வருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வடக்கு நோக்கிப் போகும் வழியில் அப்ருட்சோ மலைகளிலுள்ள சாந்தோ ஸ்தெபானோ டி செஸ்ஸானியோவில் இறங்கினோம். ஆயிரத்து இருநூறு மீற்றருக்கு மேலே ஒரு கல் கிராமம். செம்மறி வளர்ப்பு நலிந்தபின் சனம் வெளியேறிப் போன ஊர். வெளியிலிருந்து வந்த முதலீட்டாளர் ஒருவர் வெறுமையான வீடுகளை வாங்கி, சுவரின் கரியைக்கூடத் துடைக்காமல் திருத்தி, ஊர் முழுவதும் சிதறிய அறைகளாக ஹோட்டல் நடத்துகிறார். 2009ஆம் ஆண்டு பூமியதிர்ச்சியில் ஊரின் பழைய கோபுரம் விழுந்து, பின்னர் திரும்பக் கட்டப்பட்டுள்ளது. ஊர் அழியாமல் நின்றதற்கு அந்த ஹோட்டலும் ஒரு காரணம் என்பதை மறுக்கமுடியாது. இருந்தாலும் அறை வாடகை எமக்கு எட்டாது. பகலில் போய், அங்கே விளையும் சின்னஞ்சிறு பருப்பில் வைத்த சூப்பைக் குடித்துவிட்டுத் திரும்பலாம்.

மூன்றாவது பிராந்தியம் வடகிழக்கு மூலையிலுள்ள பிரியூலி. இங்கே 1976 மே 6ஆம் திகதி இரவு பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வீடிழந்தார்கள். கோடை முழுவதும் கூடாரங்களில் கிடந்தார்கள். செப்டெம்பரில் மறுபடியும் அதிர்ந்து, எஞ்சிய சுவர்களும் விழுந்தபோது, குளிர்காலத்துக்காகப் பல்லாயிரம் பேரைக் கரையோரத்துக்கு அனுப்பினார்கள். லின்யானோ, கிராதோ முதலிய கடற்கரை நகரங்களின் சுற்றுலா ஹோட்டல்கள் அகதி முகாம்களாயின. மலைநாட்டுக் கமக்காரர்கள் கடலைப் பார்த்த பால்கனிகளில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். வசந்தம் வந்ததும் மலையடிவாரத்தில் அமைத்த தற்காலிக வீடுகளுக்குத் திரும்பினார்கள். லின்யானோவில் இன்று குடை விரித்துப் படுத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தொழிற்சாலைகள் முதலில், வீடுகள் அடுத்து, கோயில்கள் கடைசியில் என்பதே மீள்கட்டுமானத்தின் ஒழுங்காக இருந்தது. உதினே நகரின் பேராயர் பத்திஸ்தியும் அதற்காகவே குரல் கொடுத்தார். வென்சோனே என்னும் சிற்றூருக்குப் போனால் அதன் விளைவைக் காணலாம். புதிதாக வேறு மாதிரிக் கட்டலாம் என்ற யோசனையை எதிர்த்து ஊர்மக்கள் 1977இல் கையொப்பம் திரட்டினார்கள். இடிந்த பேராலயத்தின் ஆயிரக்கணக்கான கற்களைப் புல்வெளியில் பரப்பி, இலக்கமிட்டு, பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக அதனதன் இடத்திலேயே வைத்தார்கள். 1995இல்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளே போய்ச் சுவரை உற்றுப் பாருங்கள். பழைய கல்லும் புதிய கல்லும் வேறுபட்டுத் தெரியும். பூமியதிர்ச்சி பற்றிய நூதனசாலை ஒன்றும் அங்குண்டு. உதினேயிலிருந்து புகையிரதத்தில் போய்விடலாம்.

தங்குவதற்கு, இன்னும் மேலே கார்ணியா மலைகளுக்குப் போகச் சொல்வோம். ஊர் முழுவதும் சிதறிய ஹோட்டல் என்னும் எண்ணம் பிறந்ததே இங்கேதான். பூமியதிர்ச்சிக்குப் பின் திருத்திய வீடுகள் ஆளில்லாமல் கிடந்தபோது, 1982இல் கொமெலியான்ஸ் என்னும் கிராமத்தில் அந்த யோசனை தோன்றியது. அதை நல்லபடி நடத்திக் காட்டிய ஊர்களில் ஒன்று சௌரிஸ். சொந்தக்காரர்கள் வீட்டை விற்பதில்லை. பொது நிருவாகத்திடம் வாடகைக்கு விட ஒப்படைக்கிறார்கள். உறுதி அவர்களிடமே. சாவியை ஓர் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, மரப் பலகையடித்த வீடொன்றில் நாமே சமைத்துச் சாப்பிட்டுத் தங்கினோம். குசினி இருப்பதால் குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் செலவு குறையும். அரிசியும் தூளும் கையோடு கொண்டுபோங்கள். மலையில் அவை கிடையா.

சில நடைமுறை விடயங்கள். கடவுச்சீட்டை எல்லா விடுதிகளிலும் கேட்பார்கள். பொலிசுக்குப் பதிவு அனுப்பவேண்டியது அவர்களுடைய கடமை, பயப்படத் தேவையில்லை. பல நகரங்களில் அறை வாடகைக்கு மேலாக ஆளொன்றுக்கு ஒரு தங்கல் வரியும் உண்டு. மத்தியானத்தில் சிற்றூர்க் கடைகள் பூட்டிக் கிடக்கும். ஓகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களில் முன்பதிவு இல்லாமல் எங்கும் போகவேண்டாம்.

சௌரிஸிலிருந்து புறப்பட்ட காலை, சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது வீட்டுக்காரரே அலுவலகத்துக்கு வந்திருந்தார். எழுபது வயதிருக்கும். அடுப்பு நன்றாக எரிந்ததா, புகை உள்ளே வந்ததா என்று கேட்டார். கொஞ்சம் வந்தது என்றோம். தன் தகப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான் என்று சொல்லி, குழாயைத் துப்புரவாக்கத் தடியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.