அலகும் அளவுத்திட்டமும்: கணினி வரைபடத்தில் மீற்றர் முறை

திருகோணமலை பல அளவைகளைக் கண்ட ஊர். கொட்டியாரக்குடாவில் வலை வீசுவோர் நீரின் ஆழத்தைப் பாகத்தாற் கூறுவர். பிரித்தானியக் கடற்படையினர், 1957ஆம் ஆண்டில் தம் தளத்தை இலங்கையிடம் கையளித்துச் செல்லும்வரை, ஆறு அடி கொண்ட தம் பாகத்தாலும் அடியாலுமே கடற்படங்களில் ஆழங் குறித்தனர். காணியை அளந்தோர் சங்கிலி கொண்டு அளந்தனர். மேசன்மார் அடியும் அங்குலமுங் கொண்டு சுவர் எழுப்பினர். காணி வாங்குவோரும் விற்போரும் இன்றளவும் பேர்ச்சிலேயே விலை பேசுகின்றனர்.

மீற்றர் முறை இந்நாட்டில் 1970களில் நடைமுறைக்கு வந்தது. அளவைகளை இன்று ஆள்வது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமாகும். ஆயினும், பெட்டகங்களில் உறங்கும் உறுதிகளும் அவற்றோடு இணைந்த படங்களும் பழைய அளவைகளையே பேசுகின்றன. சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்துச் சென்ற தொண்ணூற்றொன்பது எண்ணெய்க் குதங்களும் அடிக்கணக்கில் எழுந்தவையே. ஆகவே, இம்மாவட்டத்திற் கணினியின் முன் படம் வரைய அமரும் இளைஞன் இரு வகை அளவைகளையும் அறிந்தவனாதல் வேண்டும். அவ்வறிவிற் சிறிது குறைந்தமையால் ஒரு வளவின் எல்லையில் யாமே ஒரு பிழை செய்தோம். அப்பிழையே இக்கட்டுரைக்குக் காரணம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கையும் கணினியும்

யாம் கல்லூரியிற் பயின்ற நாளில் வரைபலகையும் ரீ-மட்டமுமே கருவிகள். தாளின் அளவு நம் கையில் இல்லை. ஆதலின், முதற் கோட்டை இடுமுன்னரே அளவுத்திட்டத்தைத் துணிந்துகொள்வோம். ஐம்பது அடி நீளமான வீட்டை எட்டில் ஓர் அங்குலம் ஓர் அடியாகக் கொண்டு வரைவதாயின், ஒவ்வோர் அளவையும் மனத்திற் சுருக்கிய பின்னரே பென்சில் தாளைத் தொடும்.

கணினியில் இம்முறை தலைகீழாகின்றது. அங்கே வரையும் வெளிக்கு எல்லை இல்லை. பத்து மீற்றர்ச் சுவரைப் பத்து மீற்றராகவே வரையலாம்; வரையவும் வேண்டும். சுருக்கம் என்பது தாளில் அச்சிடும்போது மாத்திரம் எழுகின்றது. வரையும்போது உண்மை அளவு, அச்சிடும்போது அளவுத்திட்டம் என்னும் இவ்விதியை மனங்கொண்டோர்க்கு ஏனையவை எளிதில் விளங்கும்.

இன்னொன்றும் அறிதற்குரியது. கணினிக்கு எண் மாத்திரமே தெரியும். நூறு என்று நாம் இட்டால் அது நூறு அலகு நீளமான கோட்டை வரையும். அவ்வலகு மில்லிமீற்றரா, மீற்றரா, அங்குலமா என்பதை வரைபவனே சொல்லிவைத்தல் வேண்டும். சொல்லாதுவிடின் யாது நேரும் என்பதற்கு வானமே சான்று. அமெரிக்கர் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய ஆய்கலம் ஒன்று 1999ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அழிந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு சாரார் இறாத்தலில் தர, மறு சாரார் அதனை நியூற்றனாகக் கொண்டதே காரணம். எண்கள் பிழையல்ல, அலகே பிழைத்தது.

அலகை அமைத்தல்

படவரைஞர் பலர் கையாளும் ஓட்டோகாட் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். புதிய படத்தைத் தொடங்கும்போதே மீற்றர் முறைக்குரிய வார்ப்புருவைத் தெரிதல் நன்று. 'அக்காட்-ஐசோ' என்னும் பெயருடையது அது. 'அக்காட்' என்று மாத்திரம் பெயர் கொண்டது அங்குலத்துக்குரியது. முன்னதைத் தெரிந்தால் முறிகோடுகளும் நிரப்புக் கோலங்களும் மில்லிமீற்றருக்கு ஏற்றவாறே வரும்.

அடுத்து 'யூனிற்ஸ்' என்னும் கட்டளையை இடுக. நீள வகையைத் தசமமாக்குக. செருகும் பொருள்களின் அலகு கேட்கப்படும் இடத்தில், கட்டடப் படமாயின் மில்லிமீற்றரையும் காணிப் படமாயின் மீற்றரையும் தெரிக. விலையின்றிக் கிடைக்கும் லிப்ரேகாட்டிலும், நடப்புப் படத்துக்குரிய அமைப்புகளுள் முதன்மை அலகைத் தெரியும் இடம் உண்டு.

இங்கே மாணவர் பலர் மயங்குவர். அங்குலத்தில் வரைந்த படத்தைத் திறந்து அலகை மில்லிமீற்றர் என்று மாற்றிவிட்டாற் படம் மீற்றர் முறைக்கு வந்துவிட்டதாக எண்ணுவர். வரவில்லை; பெயர்ப்பலகை மாத்திரமே மாறிற்று. கோடுகளையும் மாற்ற வேண்டுமாயின் 'ஸ்கேல்' கட்டளையால் அவற்றைப் பெருக்குதல் வேண்டும். அங்குலத்தை மில்லிமீற்றராக்க 25.4, அடியை மில்லிமீற்றராக்க 304.8, சங்கிலியை மீற்றராக்க 20.1168, ஆறடிப் பாகத்தை மீற்றராக்க 1.8288 என்னும் எண்களாற் பெருக்குக.

அலகு குறித்தலின் பயன், ஒரு படத்தை மற்றொரு படத்துட் செருகும்போது தெரியும். மீற்றரில் அமைந்த காணிப் படத்துள் மில்லிமீற்றரில் வரைந்த வீட்டைச் செருகினால், இரண்டிலும் அலகு குறித்திருப்பின், மென்பொருளே அதனை ஆயிரத்தில் ஒன்றாகச் சுருக்கிக்கொள்ளும். குறியாதுவிடின், பதினைந்து மீற்றர் வீடு பதினைந்து கிலோமீற்றராக நீண்டு, நகரிலிருந்து ஏறத்தாழ நிலாவெளி மட்டும் கிடக்கும்.

தாளில் இறக்குதல்

உண்மை அளவில் வரைந்த படத்தைத் தாளில் இறக்குதற்கு 'லேஅவுட்' என்னும் தனிப்பக்கம் உண்டு. அது தாளையே குறிப்பது. அதன் அலகு மில்லிமீற்றர். ஏ3 தாள் 420க்கு 297 மில்லிமீற்றர் ஆகும். அத்தாளில் ஒரு சாளரத்தைத் திறந்து அதனூடே படத்தைக் காண்கிறோம். சாளரத்துக்கே அளவுத்திட்டம் இடப்படுகின்றது.

மில்லிமீற்றரில் வரைந்த கட்டடத்துக்கு 1:100 வேண்டுமாயின் 1:100 என்றே தெரியலாம். மீற்றரில் வரைந்த காணிக்கு அவ்வாறன்று. 1:500 அளவுத்திட்டத்தில் ஒரு மீற்றர் தாளில் இரண்டு மில்லிமீற்றராகும். ஆகவே, படத்தின் ஓரலகு தாளின் ஈரலகு; சாளரத்துக்கு இடவேண்டியது 2:1. இவ்வாறே 1:200க்கு 5:1, 1:250க்கு 4:1, 1:1000க்கு 1:1 ஆகும். ஆயிரத்தை அளவுத்திட்ட எண்ணால் வகுத்தால் வேண்டிய எண் வரும். இட்டபின் சாளரத்தைப் பூட்டிவிடுக. இல்லையேல் சுட்டியின் சிறு சுழற்சியும் அதனைக் கெடுத்துவிடும்.

எழுத்துக்கும் இது பொருந்தும். தாளில் 2.5 மில்லிமீற்றர் உயரமாகத் தோன்றவேண்டிய எழுத்து, 1:200 படத்தில் 500 மில்லிமீற்றர், அதாவது அரை மீற்றர் உயரமாக இடப்படல் வேண்டும்.

அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்துக' என்னும் தெரிவை நீக்கி, லேஅவுட்டை 1:1 என்றே அனுப்புக. அத்தெரிவு படத்தைத் தாளுக்குப் பொருத்தும், அளவுத்திட்டத்துக்குப் பொருத்தாது. படத்தின் மூலையில் நூறு மில்லிமீற்றர்க் கோடு ஒன்றை இட்டு, அச்சிட்ட தாளில் அதனை அடிமட்டத்தால் அளந்து பார்ப்பது நல்ல வழக்கம். மீற்றர் குறித்த அளவுக்கோல் ஒன்றை வரைந்துவைத்தலும் நன்று. படியெடுக்கும் பொறி தாளைச் சுருக்கினாலும் அக்கோலும் உடன் சுருங்குமாதலின், படம் பொய் சொல்லாது.

பழைய படமும் எம் பிழையும்

இனி எம் பிழைக்கு வருவோம். எம் உறவினர் ஒருவர் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின் தம் வளவுக்குத் திரும்பினார். வேலி இற்றுப்போயிருந்தது. மேற்குப் புறத்து எல்லைக்கற்கள் நின்றன. கிழக்குப் புறத்தவை காணப்படவில்லை. கையில் இருந்தது பழைய படமொன்றின் படி. ஒரு சங்கிலி ஓர் அங்குலம் என்று அதில் எழுதியிருந்தது. யாம் கணினி அறிந்தோம் என்னும் துணிவினால் அதனை மீள வரைந்து தர இசைந்தோம்.

சங்கிலி என்பது 66 அடி. நூறு கண்ணிகள் கொண்டது. 66 அடி 792 அங்குலம். ஆகவே அப்படத்தின் அளவுத்திட்டம் 1:792. இன்றைய முறையில் அவ்வெண் அழகில்லாதது என்றெண்ணி, 800 என்று முழுமையாக்கினோம். எட்டுத்தானே வேறுபாடு என்று கருதினோம்.

தாளில் வளவின் நீளம் இரண்டரை அங்குலம், அகலம் 1.6 அங்குலம். மில்லிமீற்றரில் அவை 63.5, 40.64. எண்ணூறாற் பெருக்கியபோது நீளம் 50.8 மீற்றராயிற்று. மேற்குக் கல்லிலிருந்து அந்நீளம் அளந்து கிழக்கே கம்பங்களுக்குக் குழி வெட்டப்பட்டது. அயல் வளவுக்காரர் முதியவர். தாமும் இடம்பெயர்ந்து மீண்டவர். குழிகளைச் சிறிது நேரம் பார்த்து நின்றார். சினந்தாரல்லர். "தம்பி, உறுதியில் அறுபத்துநாலு பேர்ச்சு என்றல்லவோ இருக்கிறது, உங்கள் படத்தில் எத்தனை பேர்ச்சு?" என்று மாத்திரம் கேட்டார்.

யாம் அதனைக் கணித்துப் பார்த்ததே இல்லை. வீடு சென்று பார்த்தோம். எம் படத்தின் பரப்பு 1,651.6 சதுர மீற்றர். ஒரு பேர்ச்சு 25.29 சதுர மீற்றர், ஆகவே 65.3 பேர்ச்சு. எங்கிருந்தோ ஒரு பேர்ச்சுக்கு மேல் முளைத்திருந்தது. சங்கிலியிற் கணித்தாலோ, இரண்டரைச் சங்கிலியை 1.6 சங்கிலியாற் பெருக்க நான்கு சதுரச் சங்கிலி, பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆக 0.4 ஏக்கர், சரியாக அறுபத்துநான்கு பேர்ச்சு. உண்மை நீளம் 50.292 மீற்றரே. அயலவரின் நிலத்தில் அரை மீற்றருக்கு மேல் யாம் புகுந்திருந்தோம். நீளத்தில் நூற்றுக்கு ஒன்றான பிழை, பரப்பில் நூற்றுக்கு இரண்டாகின்றது. பல்லாண்டு கழிந்து தம் மண்ணுக்கு மீண்ட இருவரிடையே அந்த அரை மீற்றர் எத்துணைப் பகையை விதைத்திருக்கும் என்பதை விரித்துரைத்தல் வேண்டா. குழிகளை அன்றே மூடினோம். முதியவரிடம் எம் பிழையை ஒப்புக்கொண்டோம். பின்னர் உரிமம் பெற்ற நில அளவையாளர் வந்து எல்லையைக் குறித்தார். அப்பணி அவர்க்கே உரியது. எத்துணை நேர்த்தியான கணினிப் படமும் அதற்கு ஈடாகாது.

பழைய படத்தைக் கணினியில் ஏற்றுவோர்க்கு இதிலிருந்து மூன்று நெறிகள் கிடைக்கின்றன. முதலாவது, படியின் அளவுத்திட்டத்தை நம்பாது, படத்தில் எழுதப்பட்ட ஒரு நீளத்தை நம்புக. 'ஸ்கேல்' கட்டளையுள் 'றெபரன்ஸ்' என்னும் தெரிவு உண்டு. ஒரு கோட்டின் இரு முனைகளையும் தொட்டு, அதன் உண்மை நீளம் 50.292 என்று இட்டால் முழுப்படமும் அதற்கேற்பச் சீர்ப்படும். இரண்டாவது, குறுக்காகவும் ஒரு நீளத்தைச் சோதிக்க. பழைய தாள் இரு திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. மூன்றாவது, முடிவிற் பரப்பைக் கணித்து உறுதியோடு ஒப்பிடுக. முதியவர் கேட்ட கேள்வி அதுவே.

ஆள்கூறும் அடியும்

நில அளவைத் திணைக்களத்தின் ஆள்கூறுகளைக் கையாளுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பழைய இலங்கை நெய்யரியின் நடுப்புள்ளிக்குக் கிழக்கு 2,00,000, வடக்கு 2,00,000 மீற்றர் என எண் இடப்பட்டது. 1999ஆம் ஆண்டின் பெயர் தாங்கிய புதிய முறையில் அவை 5,00,000 ஆயின. இரண்டும் மீற்றரே, அலகில் வேறுபாடில்லை. ஆயினும் புதிய எண்ணைப் பழைய நெய்யரியில் இட்டால் நம் துறைமுகம் கிழக்கே முந்நூறும் வடக்கே முந்நூறும் கிலோமீற்றர் நகர்ந்து வங்கக் கடலின் நடுவே மிதக்கும். எனவே, அலகோடு தொடக்கப் புள்ளியையும் படத்தில் எழுதிவைத்தல் வேண்டும்.

அடி என்பதும் எக்காலத்தும் ஒன்றாயிருந்ததன்று. 1959ஆம் ஆண்டு உடன்பாட்டின்பின் ஓர் அடி சரியாக 0.3048 மீற்றர். அதற்கு முற்பட்ட இந்திய அடி 0.30479841 மீற்றராகக் கொள்ளப்பட்டது. ஒரு வளவில் இது தோன்றாது; நூறு மைலில் எண்பத்துநான்கு சதமமீற்றர் வேறுபடும்.

அலகை முதலிற் சொல்லுதல், உண்மை அளவில் வரைதல், தாளில் மாத்திரம் சுருக்குதல், முடிவில் வேறொரு வழியாற் சரிபார்த்தல் என்னும் இந்நான்கும் கைக்கூடின் எந்த மென்பொருளும் பணிந்து தொழில் செய்யும். நம் கல்லூரி இளைஞர் இக்கலையில் எம்மினும் வல்லவராவர் என்பதில் ஐயமில்லை. அவர்களிடம் யாம் வேண்டுவது ஒன்றே. திரையில் இடும் ஒவ்வொரு கோட்டுக்கும் அப்பால் ஒருவருடைய சுவரோ வேலியோ நிற்கின்றது. அச்சிடுமுன் ஒருமுறை பேர்ச்சைக் கணித்துப் பாருங்கள்.